கையால் அமுக்கிப் பார்த்த மெத்தை

போன வாரம் புதன்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு, புதுக்கோட்டையில் ஒரு கடைக்குள், கண்ணாடி ஓரமாக, ரோட்டைப் பார்த்துக் காலை நீட்டி, பத்து நிமிடம் மல்லாந்து படுத்திருந்தேன்.

மெத்தைக் கடைதான். மெத்தையில்தான் படுத்தேன். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் அன்னவாசலில் எனக்குத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் நான் ‘விழுந்துவிட்டேன்’ என்று செய்தி போய்விட்டது. ஷார்ஜாவில் இருக்கும் என் மகனுக்குப் போக இரண்டு மணி பத்து நிமிடம்தான் ஆனது.

முதுகு வலிக்கு ஒரு மெத்தை வாங்கப் போனால் இவ்வளவு நடக்குமா? நடந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். புள்ளியியல் துறையில் முப்பத்தோரு வருடம். ஆடு, மாடு, கிணறு, தென்னை... அரசாங்கம் எதை எண்ணச் சொன்னதோ அதை எண்ணினேன். ரிட்டயர் ஆகிப் பதினைந்து வருடம் ஆகிறது. எண்ணச் சொல்ல ஆள் இல்லை; எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போனால் பத்தொன்பது வேகத்தடை. அதில் பதினேழு இடுப்பில் தெரியும். மீதி இரண்டு — டிரைவரின் நல்ல குணம்.

வலி கீழ் முதுகில். காலையில் எழுந்ததும் நிமிர ஏழு நிமிடம் ஆகும். பல் தேய்க்கக் குனிந்தால் மறுபடி முதலிலிருந்து.

எலும்பு டாக்டரிடம் போனேன். எவ்வளவு நாளாக என்றார். மூன்று மாதம் ஒன்பது நாள் என்றேன். இந்த மூன்று மாதத்தில் வீட்டில், பழக்கவழக்கத்தில் ஏதாவது மாறியதா என்று கேட்டார். இப்படி ஒரு கேள்விக்காகத்தானே மனுஷன் நோட்டு வைத்திருக்கிறான்? எடுத்துப் படித்தேன். நாற்காலி மாற்றியது. மோட்டார் ரிப்பேர் ஆகி ஆறு நாள் தெருக்குழாயில் தண்ணீர் தூக்கியது. நாய்த் தொல்லையால் பதினொரு நாள் வாக்கிங் நின்றது. சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டு நீளமானது...

“சார், முருங்கைக்காயால இடுப்பு வலி வராது” என்றார் டாக்டர்.

அது எனக்கும் தெரியும். ஒரு குறையாக இருந்ததால் எழுதி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு முருங்கைக்காய்க்கு எட்டுத் துண்டு வரும். நாற்பத்து நான்கு வருடமாக அப்படித்தான். சமீபத்தில் நான்குதான் வருகிறது. துண்டு தட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். “வாயில போனா எல்லாம் ஒண்ணுதான்” என்று முடித்துவிட்டாள் என் மனைவி இந்திராணி.

டாக்டர் மெத்தையின் வயதைக் கேட்டார். இருபத்தாறு. இலவம்பஞ்சு. இரண்டு தடவை பிரித்து அடித்துத் தைத்தது. நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, யார் எந்த ஓரத்தில் படுத்தாலும் விடியும்போது இருவரும் நடுவில்தான் கிடப்போம்.

மாற்றிவிடச் சொன்னார். ரொம்பக் கெட்டியும் வேண்டாம், ரொம்ப மெத்தென்றும் வேண்டாம். கடையில் பத்து நிமிடமாவது படுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வீட்டம்மாவையும் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவர் சொன்ன மூன்றில் முதல் இரண்டை நோட்டில் குறித்துக்கொண்டேன். மூன்றாவதைக் குறிக்கவில்லை.

கடைக்குப் போகும் முன் விசாரிக்க வேண்டாமா? பன்னிரண்டு பேரிடம் கேட்டேன். ஏழு பேர் தரையில் படு என்றார்கள். மூன்று பேர் தென்னை நார் மெத்தை. ஒருவர் ஸ்பிரிங். ஒருவர் இது முதுகே இல்லை, வாயு என்றார். தரையில் படு என்ற ஏழு பேரில் ஐந்து பேர் கட்டிலில் படுப்பவர்கள். அதையும் விசாரித்தேன்.

பேப்பர் விளம்பரங்களில் எல்லா மெத்தைக்கும் பத்து வருட வாரண்டி போடுகிறார்கள். எனக்கு எழுபத்து மூன்று. இந்திராணிக்கு அறுபத்தெட்டு. கூட்டிப் பார்த்தேன். இனி வாங்கப் போவதுதான் எங்கள் கடைசி மெத்தை. தப்பாக வாங்கிவிட்டால் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு இல்லை. இது சோகம் இல்லை... கணக்கு.

அந்தக் கவலையோடுதான் புதன்கிழமை இருவரும் பஸ் ஏறினோம்.

கடையில் ஐந்து கட்டில் வரிசையாகப் போட்டு, ஐந்திலும் ஐந்து விதமான மெத்தை. எதிரே பஸ் ஸ்டாப். நடுவில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. உள்ளே படுத்தால் ஊரே பார்க்கும்.

நம் ஊரில் மெத்தை எப்படி வாங்குகிறோம் என்று யோசித்திருக்கிறீர்களா? படுத்துப் பார்ப்பதில்லை. நாலு பேர் முன்னால் படுப்பதாவது? குடும்பமாக வருகிறோம். கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். வீட்டுப் பெரியவர் முஷ்டியால் இரண்டு குத்து குத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு அமுக்கு. “நல்லாத்தான் இருக்கு.” முடிந்தது. நாங்கள் இருந்த நேரத்தில் வந்த மூன்று குடும்பமும் இதைத்தான் செய்தன.

கடைக்கார முதலாளி, ஐம்பது வயதுக்காரர், நொந்துபோய்ச் சொன்னார். “ஐயா, யாருக்குமே கையில வலி கெடையாதுங்க. ஆனா எல்லாரும் கையாலதான் பாக்குறாங்க.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றினேன். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணாடி ஓரம் இருந்த முதல் மெத்தையில் படுத்தேன். தென்னை நார் வைத்தது, கெட்டி. கையை நெஞ்சில் கோத்து, கண்ணை மூடி, அறுநூறு வரை எண்ண ஆரம்பித்தேன். முதலாளி மரியாதையாகத் தலைமாட்டில் கைகட்டி நின்றார். இந்திராணி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

ஆனால் வெளியே ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்தவருக்கு அது தெரியுமா?

பார்த்தவர் ஆரோக்கியசாமி. என்னோடு பத்தொன்பது வருடம் ஒரே ஆபீஸில் இருந்தவர், அன்னவாசல்காரர். இறங்கலாம் என்று எழுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டதாம். எனக்குப் போன் செய்திருக்கிறார். படுத்து எண்ணும்போது இடைஞ்சல் கூடாது என்று போனை சைலண்டில் போட்டிருந்தேன். எடுக்கவில்லை என்றதும் மனுஷனுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் யாரைக் கூப்பிட்டார் என்று கேட்டேன். எண்ணவில்லை என்கிறார். புள்ளியியல் துறையில் இருந்தவர் பேசுகிற பேச்சா இது?

நான் ஐந்து மெத்தையிலும் படுத்தேன். இந்திராணியையும் படுக்கச் சொன்னார் முதலாளி. அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

“ரோட்டப் பாத்தாப்புலயா? நல்ல கூத்தால்ல இருக்கு. நீங்க பாத்தாச் சரிங்க.”

சொல்லிவிட்டு ஐந்தையும் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். ஐந்துக்கும் “நல்லாத்தான் இருக்கு” என்றாள். அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்குக் கெட்டியான முதல் மெத்தைதான் பிடித்திருந்தது. அதையே சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வேனில் வரும், கவரைப் பிரித்தால் திருப்பி எடுப்பதில்லை என்றார் முதலாளி. இதில் பிரச்சினை என்ன இருக்கிறது? ஒருவருக்குக் கெட்டி மெத்தை. இன்னொருவருக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கு.

வீடு திரும்பினால் வாசலில் நாலு பேர்.

ஒருவரை ‘உடம்பு எப்படி இருக்கு’ என்று பார்க்க வருகிறவர்களிடம் ‘எனக்கு ஒன்றுமே இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள். நம்பவே மாட்டார்கள். “அப்படித்தான் தைரியமா இருக்கணும்” என்பார்கள். புதன் சாயங்காலமும் வியாழன் காலையுமாகப் பதினாறு பேர். ஆப்பிள் இருபத்திரண்டு, ஆரஞ்சு முப்பத்தொன்று, பிரெட் பாக்கெட் ஆறு. ஆரோக்கியசாமி மட்டும் இரண்டு தடவை வந்தார். என்னைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்ததோ என்னவோ.

பதினாறு பேருக்கும் காபி போட்டது இந்திராணி.

பதினேழாவதாக வந்தவள் அவளுடைய தங்கை வசந்தா. பொன்னமராவதியிலிருந்து முறுக்கு டின்னோடு வந்து இறங்கினாள். என்னை ஏற இறங்கப் பார்த்து, சிரித்து, நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு மதியச் சமையலைத் தானே ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அரிவாள்மனையைக் காணோம் என்று தேடுகிற சத்தம். பிறகு நாற்காலியை இழுக்கிற சத்தம். பரண் மேலிருந்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். இரும்பில் துரு. பலகையில் ஒட்டடை.

“இது எதுக்கு மச்சான் பரண்ல கெடக்கு?”

எனக்கென்ன தெரியும்? உன் அக்காவைக் கேள் என்றேன்.

“அக்காளால கீழ ஒக்காந்து எந்திரிக்க முடியல. மூணு மாசமாச்சு. நின்னுக்கிட்டே கத்தியாலதான் நறுக்குது. ஒங்களுக்குத் தெரியாதா?”

முருங்கைக்காய்!

அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தால் எட்டுத் துண்டு. மேடையில் நின்றுகொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கத்தியால் வெட்டினால் நான்கு. மூன்று மாதமாக என் தட்டிலேயே கிடந்திருக்கிறது. எண்ணியிருக்கிறேன். எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் படித்தும் காட்டியிருக்கிறேன். குறை என்ற தலைப்பில்.

அடுப்படிக்குப் போனேன். இந்திராணி சுவரில் சாய்ந்து நின்றாள். உட்காரவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“வீட்டுல ஒருத்தர் மொனங்குனாப் பத்தாதா?” என்றாள்.

மூன்று மாதத்துக்கு மேலாக நான் எழுந்தால் ஒரு ‘அம்மா’, உட்கார்ந்தால் ஒரு ‘அப்பா’. நடுவில் அவள் எங்கே தன் வலியைச் சொல்வது? க்யூவில் நின்றிருக்கிறாள்.

நோட்டை எடுத்துப் புதன்கிழமைப் பக்கத்தைப் பார்த்தேன். இந்திராணி — மெத்தை ஒன்று, நல்லாத்தான் இருக்கு. மெத்தை இரண்டு, நல்லாத்தான் இருக்கு. ஐந்து கட்டத்திலும் ஒரே பதில். வேலையில் இருந்தபோது இப்படி ஒரு தாள் என் மேஜைக்கு வந்திருந்தால், ‘களத்துக்கே போகாமல் பூர்த்தி செய்தது’ என்று அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். இதை நானே எழுதி, நானே ஒப்புக்கொண்டு, நானே மெத்தையும் முடிவு செய்திருக்கிறேன். அதுவும் கடைசி மெத்தை. பத்து வருட வாரண்டியோடு.

கடைக்குப் போன் செய்தேன். நாளைக்குள் வந்தால் மாற்றிக்கொள்ளலாம், வேனில் ஏற்றிவிட்டால் கஷ்டம் என்றார் முதலாளி.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் பஸ் ஏறினோம். இந்திராணி வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். வசந்தா ஒரே அதட்டலில் கிளப்பிவிட்டாள். போகும்போது பத்தொன்பது வேகத்தடையிலும் நான் என் இடுப்பைக் கவனிக்கவில்லை. அவள் கையைக் கவனித்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்சீட்டுக் கம்பியைப் பிடிக்கிறாள். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. டிரைவரின் நல்ல குணமெல்லாம் என் கற்பனை.

ஆரோக்கியசாமிக்கு முதலிலேயே போன் செய்து சொல்லிவிட்டேன்.

கடையில் அதே கண்ணாடி, அதே பஸ் ஸ்டாப். வெளியே ஏழெட்டுப் பேர். இந்திராணி கட்டில் பக்கமே வரவில்லை. ஷட்டரைக் கொஞ்ச நேரம் இறக்க முடியுமா என்று கேட்டேன்.

“பட்டப்பகல்ல ஷட்டரை எறக்குனா, எங்க வீட்டுல ஏதோ எழவுன்னு நெனச்சுக்கிருவாங்கய்யா” என்றார் முதலாளி. நியாயம்தான். ஊர் தப்பாக நினைத்துக்கொள்கிற அனுபவம் எனக்கும் இரண்டு நாளைக்கு முன்புதான் கிடைத்திருந்தது.

அப்போதுதான் அலமாரியில் அடுக்கியிருந்த பெட்ஷீட் கண்ணில் பட்டது. டபுள் சைஸ், பெரிய பெரிய சூரியகாந்திப் பூ போட்டது. பிரித்தேன். ஒரு முனையை வசந்தாவிடம் கொடுத்தேன், மறுமுனையை நான் பிடித்தேன். கட்டிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே திரை போல இருவரும் தூக்கிப் பிடித்தோம். முதலாளி நாகரிகமாகக் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏங்க, என்னங்க இது?” என்றாள் இந்திராணி.

படு என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம். கட்டில் முனகியது. எனக்கு அவள் முகம் தெரியவில்லை, அவளுக்கு என் முகம் தெரியவில்லை. ஒரு விஷயம் கவனித்தேன் — முகம் தெரியாவிட்டால் மனுஷர்கள் உண்மை சொல்கிறார்கள்.

முதல் மெத்தை, நான் முடிவு செய்த கெட்டி மெத்தை. “பலகைல படுத்தாப்புல இருக்குங்க. இடுப்பு ஒட்டவே மாட்டேங்குது.”

திரையைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது கட்டிலுக்கு நகர்ந்தோம். ஸ்பிரிங். “ஆடுது. இன்னொரு தடவ பஸ்ஸுல போகணுமா?”

மூன்றாவது, ஃபோம். “உள்ள எறங்குது. எந்திரிக்க ரெண்டாளு வேணும்.”

நாற்பத்து நான்கு வருடத்தில் இவள் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்னதையெல்லாம் ஒரு பெட்ஷீட் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்க வேண்டும் போலிருக்கிறதே... எத்தனை புடவை, எத்தனை வீடு, எத்தனை ஊர் மாற்றல்!

நான்காவது மெத்தை. கீழே தென்னை நார், மேலே லேடெக்ஸ், அதாவது ரப்பர் என்று சொன்னார்கள். படுத்தாள். எண்ண ஆரம்பித்தேன். இருநூறு ஆயிற்று. எப்படி இருக்கு என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன்.

வசந்தா திரைக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “தூங்கிருச்சு மச்சான்.”

பகல் பன்னிரண்டு மணிக்கு, புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ஹாரன் சத்தத்துக்கு நடுவே. “மூணு மாசமா நல்ல தூக்கம் இல்லைன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டிருந்துச்சு” என்று வசந்தா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

வெளியே கூட்டம் கொஞ்சம் கூடியது. இரண்டு வயசானவர்கள் பூப் போட்ட பெட்ஷீட்டைத் தூக்கிப் பிடித்து அசையாமல் நின்றால் யார்தான் பார்க்காமல் போவார்கள்? அறுநூறு வந்தது. டாக்டர் சொன்ன பத்து நிமிடம். என் தோள் கடுத்தது. வசந்தாவின் கை இறங்கத் தொடங்க, முதலாளி வந்து அந்த முனையை வாங்கிக்கொண்டார். எழுப்பட்டுமா என்று கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

எழுநூறு. எண்ணூற்று நாற்பது. அந்தப் பக்கம் சின்னக் குறட்டை ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு எத்தனை என்று எனக்குத் தெரியாது.

கண் விழித்ததும் பதறி எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள், எத்தனை நிமிடம் தூங்கினேன் என்று.

எண்ணவில்லை என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தாள். “ஏங்க... ஒங்களுக்கு ஒடம்புக்கு என்னமும் பண்ணுதா?”

சனிக்கிழமை நான்காவது மெத்தை வந்தது. எனக்குக் கொஞ்சம் கெட்டி போதவில்லை. முதலாளியே வழி சொன்னார்: என் பக்கம் மட்டும் மெத்தைக்குக் கீழே ஒரு பிளைவுட் பலகை. பள்ளம் இல்லாததால் இப்போது அவரவர் படுத்த இடத்திலேயே எழுந்திருக்கிறோம். அது மட்டும் கொஞ்சம் புதிதாக இருக்கிறது. திங்கட்கிழமை இந்திராணியையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ‘அன்னைக்கே சொன்னேனே சார்’ என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிய வேண்டாம், கீழே உட்கார வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

எந்த மெத்தை நல்லது என்று எனக்குப் போன் செய்து கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. கடைக்குப் போங்கள், படுத்துப் பாருங்கள், உங்கள் பக்கத்தில் படுப்பவரையும் படுக்க வையுங்கள். கையோடு ஒரு பெட்ஷீட் கொண்டு போங்கள்.

அரிவாள்மனை பரணுக்கே போய்விட்டது. முருங்கைக்காயை இப்போது நான்தான் நறுக்குகிறேன். ஒரு காய்க்கு எட்டுத் துண்டு... ஸ்கேல் வைத்து.